ஆறாவது வரிசை

ஊத்துக்குளி ரோடு, திருப்பூர்
22.01.2025

அன்புள்ள அக்கா,

பதினொரு முறை அழைத்தும் நீ போனை எடுக்கவில்லை. கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது அல்லவா? அதனால் எழுதுகிறேன்.

தபால் நிலையத்தில் அஞ்சல்தலை கேட்டதும் அங்கிருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் பாப்பா, ஊட்டுல போன் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. எங்க அக்காதான் எடுக்க மாட்டேங்கறா."

"அப்ப ரெண்டா வாங்கிக்க. ஒண்ணுக்கெல்லாம் கோவம் தீராது" என்றார். வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம். உன் கல்லூரியிலிருந்து போன் வந்தது. பசுமைக்குடிலில் ஒரு வரிசைச் செடிகள் முழுக்கக் காய்ந்துவிட்டன என்றார்கள். உன் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். பார்த்தும், அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் அக்கா எல்லோரும் இருக்கும்போதே, "தண்ணி ஊத்த மறந்துட்டியாக்கா?" என்று கேட்டுவிட்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். பொங்கல் விடுமுறைகூட அப்போது முடிந்திருக்கவில்லை.

என் வாய்தான் அவசரம். என் மனசு அப்படி நினைக்கவில்லை.

இன்னொன்று. நீ படிப்பை விடப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாமே? அம்மா நேற்றே கம்பெனியில் செக்கிங் மேஜையில் உனக்கு ஓர் இடம் கேட்டுவிட்டாள். "பெரியவ வந்தா என் பக்கத்துலயே நின்னுக்குவா. பீஸைத் திருப்பிப் பாத்து ஓட்டை இருக்குதான்னு சொல்றது என்ன கஷ்டமுங்க?" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ செக்கிங்கில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டின் நடுவில் யாராவது தோட்டக்கலைப் படிப்பை விடுவார்களா?

என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுது. நான் யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு யோசிக்கப் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும்.

உன் அன்புத் தங்கை,
ஜனனி


கல்லூரி விடுதி, கொமரலிங்கம் வழி
27.01.2025

ஜனனி,

கடிதம் வந்தது. வார்டன் மேடம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

யோசிக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் கேட்டதால் எழுதுகிறேன்.

ஆறு வரிசை. வரிசைக்கு நாற்பத்தெட்டுத் தொட்டி. எல்லாம் நாங்களே ஒட்டுக் கட்டிய கத்தரி. கீழே சுண்டைக்காய்ச் செடியின் வேரும் தண்டும், மேலே கத்தரியின் நுனி. சுண்டை சீக்கிரத்தில் சாகாது, வேர்நோயும் வராது. அதனால்தான் அதன்மேல் கத்தரியை ஒட்டுகிறோம். ஓர் ஒட்டுப் பிடிக்க மூன்று வாரம் பொத்திப் பொத்திப் பார்க்க வேண்டும்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போவார்கள், சொட்டுநீர் மோட்டார் பழுது. துணித்திரி வைக்கலாம் என்று இளங்குமரன் சாரிடம் சொன்னது நான். ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் ஒரு நீளத் தண்ணீர்த் தட்டு. ஒவ்வொரு தொட்டியின் ஓட்டை வழியாகவும் ஒரு திரி அந்தத் தட்டில் தொங்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மண்ணுக்குத் தண்ணீர் ஏறும். முதலில் வேறு சில தொட்டியில் பழைய துணியை வைத்துச் சோதித்தும் காட்டினேன். சார் நம்பிச் சாவியைக் கொடுத்தார். நீங்கள் அனுப்பிய முந்நூறு திரியைப் பையிலிருந்து வரிசையாக எடுத்துப் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலேயும் தண்ணீர் ஊற்றினேன். தட்டுகளை நிரப்பினேன். ஆறையும்.

ஐந்து வரிசை நன்றாக இருக்கிறது. ஆறாவதில் முதல் பத்துத் தவிர முப்பத்தெட்டும் காய்ந்துவிட்டன. போன் செய்தவர்கள் வெளியிலிருந்து செடியை மட்டும்தான் பார்த்திருந்தார்கள்; நான்தான் முதலில் வந்து சேர்ந்தேன். ஆனால் மறுநாள் சார் பார்த்தபோது தட்டு நிறையத் தண்ணீர் இருந்தது. அதுதான் வினை. "ஊருக்குப் போறப்ப மறந்துட்டு, வந்து யாரும் பாக்கறதுக்குள்ள நெறச்சுட்டா" என்றாள் நிர்மலா. என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் அவள். அந்தப் பத்து மட்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்டேன். அவை ஈரமான சுவரோரம் இருக்கின்றனவாம்.

சார் திட்டவில்லை. சாவியைக் கேட்டு வாங்கி நிர்மலாவிடம் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

செடி போனதற்காக நான் படிப்பை விடவில்லை. பொய் சொல்கிறவள் என்ற பெயரோடு இன்னும் இரண்டரை வருடம் இங்கே இருக்க முடியாது. மார்ச்சில் பருவத் தேர்வு முடிந்ததும் வந்துவிடுகிறேன்.

நீயும் அதையேதான் கேட்டாய்.

மதுமதி


திருப்பூர்
31.01.2025

அன்புள்ள அக்கா,

உன் கடைசி வரியை இருபது தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சரியாக வந்து குத்துகிறது.

வீட்டுச் செய்தி: அம்மாவுக்குச் சளி. அப்பா வேலை செய்யும், துணி வெளுக்கும் ப்ளீச்சிங் யூனிட்டில் புது இயந்திரம் வந்திருக்கிறது. அதன் விளக்கப் புத்தகம் இந்தியில் இருப்பதால், பீகாரிலிருந்து வந்த முனீலால் அண்ணன் படிக்க, அப்பா கைஜாடையில் புரிந்துகொள்கிறாராம். என் அரையாண்டுத் தாளில் தாவரவியலில் தொண்ணூற்று நான்கு. நீ சொல்லிக்கொடுத்த படம்தான் வந்தது.

பள்ளி நூலகத்தில் ஒட்டுக்கட்டுதல் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. ஒட்டு மூட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ச்செடியே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறது. உண்மையா?

இன்னொரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால்தான் காகிதம் ஓரத்தில் பிய்ந்திருக்கிறது.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆறாவது வரிசையில் போட்ட திரி என்ன நிறம்?

ஜனனி


கொமரலிங்கம் வழி
04.02.2025

ஜனனி,

இது என்ன கேள்வி? கடைசியில் வந்தவை கொஞ்சம் சந்தன நிறமாக இருந்தன. அழுக்காக இருக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கவனிக்கவில்லை. மீதி பன்னிரண்டு பையிலேயே கிடக்கிறது.

துளிரைக் கிள்ளுவது உண்மைதான்.

காய்ந்த தொட்டிகளைக் குடிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டார்கள். எனக்குத்தான் சாவி இல்லையே, வெளியே இருப்பதற்குச் சாவி வேண்டாம். தினமும் காலையில் குளிக்கிற மக்கில் தண்ணீர் எடுத்துப்போய் ஊற்றுகிறேன். "செத்ததுக்குத் தண்ணி ஊத்தறா பாரு" என்று சிரிக்கிறார்கள். ஏன் ஊற்றுகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை.

அம்மாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

மதுமதி


திருப்பூர்
08.02.2025

அக்கா,

உட்கார்ந்து படி. கோபம் வந்தால் கடைசி வரை படித்த பிறகு கோபப்படு.

திரி கெட்டது என்னால்.

நீ வெள்ளை பனியன் துணிதான் கேட்டாய். அம்மாவும் கம்பெனிக் கட்டிங்கில் மிஞ்சிய வெள்ளைத் துணியில் முந்நூறு திரி வெட்டிப் பையில் போட்டுவிட்டாள். அந்த வாரம் நான் ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். வெளுக்கப் போடும் மருந்துகள் மண்ணில் சேர்ந்தால் வேருக்கு ஆகாது என்று அதில் இருந்தது. உடனே எனக்குப் பயம். பூவாத்தாள் அக்கா நிட்டிங் ஷெட்டில்தானே இருக்கிறார்? இயந்திரத்திலிருந்து அப்படியே இறங்கிய, வெளுக்காத, சாயம் போடாத கோராத் துணி கொஞ்சம் கேட்டு வாங்கினேன். எந்த மருந்தும் தொடாத சுத்தமான பருத்தி. ஐம்பது திரிக்குத்தான் காணும். அம்மா வெட்டிய வெள்ளைத் திரியில் ஐம்பதை எடுத்துவிட்டு இதைப் பையின் அடியில் வைத்தேன். நல்லதை அடியில் வைத்தேன் என்று எனக்கு ஒரே பெருமை. யாரிடமும் சொல்லவில்லை.

சந்தன நிறம் என்று நீ எழுதியதைப் படித்ததும் எழுந்துவிட்டேன். மீதிக் கோராத் துண்டையும் ஒரு வெள்ளைத் துண்டையும் இரண்டு டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டேன். வெள்ளைத் துணியில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் ஏறியது. கோராத் துணி மிதந்தது. அழுத்திவிட்டாலும் மேலே வந்து மிதந்தது, அக்கா.

அப்பா வேலையிலிருந்து வந்ததும் காட்டினேன். அவர் விரலை நனைத்துக் கோராத் துணிமேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு உள்ளே போகாமல் முத்து மாதிரி நின்றது.

"இது தண்ணி குடிக்காது கண்ணு. பஞ்சுலயே மெழுகு இருக்குது, மிசின்ல எண்ணெயும் சேருது. வேக வெச்சு எடுத்தாத்தான் தண்ணி ஏறும். நாங்க யூனிட்டுல மொத வேலையா ஒரு சொட்டு உட்டுத்தான பாப்போம்?"

"எனக்குத் தெரியாதுங்கப்பா."

"பதினாறு வருசமா ப்ளீச்சிங்காரன் ஊட்டுல சோறு திங்கற, இது தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு நான் அழுவதைப் பார்த்து, எதற்கென்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது கணக்கைப் பார். வெள்ளைத் திரி இருநூற்றைம்பது. ஐந்து வரிசைக்கு இருநூற்று நாற்பது போக, மிச்சம் பத்து. ஆறாவது வரிசையில் பிழைத்த முதல் பத்து அதுதான்! சுவரோர ஈரத்தால் இல்லை. அந்தப் பத்துக்கும் முப்பத்தெட்டுக்கும் ஒரே தட்டுத்தானே? நீ தண்ணீர் நிரப்பாமல் போயிருந்தால் பத்தும் செத்திருக்கும். நீ நிரப்பினாய். நீ பொய் சொல்லவில்லை.

இரண்டு துண்டையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். இளங்குமரன் சாருக்கும் நடந்ததைத் தனியாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து கொடு.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அப்படிக் கேட்டவளும் நான்தானே.

ஜனனி


கொமரலிங்கம் வழி
13.02.2025

ஜனனி,

கடைசி வரை படித்தேன். அதற்குப் பிறகுதான் கோபப்பட்டேன். மூன்று நாள் ஆகிறது.

வெள்ளை என்றால் வெள்ளை. ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துவிட்டு, கேட்டதை மாற்றி அனுப்பலாம் என்று உனக்கு யார் சொன்னது? மாற்றினால் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா? தேவையில்லாத இடத்தில் மட்டும் வாய் முந்திக்கொண்டு வருகிறது.

எழுதிவிட்டேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது.

நானும் துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நிறம் மாறுகிறது என்று கண் சொன்னது, பஸ் போய்விடும் என்று கால் சொன்னது. நானும் அதே ப்ளீச்சிங்காரர் மகள்தான். பத்தொன்பது வருடம்.

சாருக்கான கடிதத்தைக் கொடுக்கவில்லை. பதினோராம் வகுப்புப் படிக்கிற தங்கச்சி எழுதினாள் என்று நீட்டினால், மாட்டிக்கொண்டதும் சின்னப் பிள்ளைமேல் பழி போடுகிறாள் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு இந்தப் பேச்சே தேவலை. எனக்கு உண்மை தெரிந்துவிட்டது, போதும்.

திங்கட்கிழமை பத்து மணிச் செய்முறை வகுப்பில் அந்த முப்பத்தெட்டையும் உரக்குழியில் கொட்டப் போகிறார்கள். தொட்டி வேறு செடிக்கு வேண்டுமாம்.

அம்மாவிடம் நான் வருவதாகச் சொன்னது சொன்னதுதான்.

மதுமதி


திருப்பூர்
16.02.2025

அக்கா,

நேற்று உன் கடிதம் வந்தது. தபாலில் பதில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது. அதனால் இதை அப்பாவே கொண்டுவருகிறார். நான் கெஞ்சவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். "நாளைக்கு லீவு சொல்லிப்போடறேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டார்.

அம்மாதான் தடுத்தாள். "காலேஜுல போயி நீங்க என்னங்க பேசுவீங்க?"

"பேச என்ன இருக்குது? ஒரு சொட்டுத் தண்ணி உட்டுக் காட்டிட்டு வாறேன்."

அவரை வாசலில் நிற்க விடாதே.

ஜனனி


கொமரலிங்கம் வழி
19.02.2025

ஜனனி,

உனக்கு எல்லாம் ஒன்றுவிடாமல் வேண்டும். எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வகுப்பு. ஒன்பதரைக்கே அப்பா கேட்டில் நின்றார். கையில் உன் கடிதம், ஒரு தண்ணீர் பாட்டில், அம்மா கொடுத்துவிட்ட தட்டுவடை. கோபப்படலாம் என்று போனேன். இஸ்திரிச் சட்டையைப் பார்த்ததும் முடியவில்லை. நானே கூட்டிப்போனேன்.

"சார், என்ற பேரு அருள்செல்வனுங்க. மதுமதியோட அப்பா. ஒரு அஞ்சு நிமிசம் குடுத்தீங்கன்னா போதுமுங்க."

பையில் கிடந்த பன்னிரண்டு திரியையும் கேட்டார். உன் வெள்ளைத் துண்டையும் பக்கத்தில் மேஜைமேல் பரப்பினார். பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டார். வெள்ளையில் சொட்டுக் காணாமல் போனது. பன்னிரண்டிலும் பன்னிரண்டு முத்து நின்றது. "எங்க சின்னப் பொண்ணு தெரியாம மாத்தி அனுப்பிப் போட்டாளுங்க. பெரியவ தண்ணி ஊத்தலைன்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. உன் பத்துச் செடிக் கணக்கை நான் சொன்னேன். சார் இரண்டு முறை கேட்டுவிட்டு, "இத நாம ஒருத்தருமே யோசிக்கலையே" என்றார்.

அதற்குள் நிர்மலா வெளியே உரக்குழியில் கொட்ட ஆரம்பித்திருந்தாள். "சார், இங்க வாங்க!" என்று கத்தினாள். பாம்பு என்று நினைத்து எல்லோரும் ஓடினோம்.

பாம்பு இல்லை. காய்ந்த தண்டில், ஒட்டு மூட்டுக்குக் கீழே, ஒரு பச்சைத் துளிர். கத்தரி செத்துவிட்டது. சுண்டை சாகவில்லை. நான் ஊற்றிய மக் தண்ணீரை அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது; காய்ந்த இலைகள் மறைத்ததால் என் கண்ணிலும் படவில்லை. எண்ணிப் பார்த்தோம். குழியில் விழுந்ததையும் பொறுக்கி எடுத்தோம். முப்பத்தெட்டில் இருபத்தொன்று.

பச்சைத் தண்டு இருக்கும்வரை வெட்டி மறுபடி ஒட்டுக் கட்டலாம் என்று சார் சொன்னார். இரண்டு நாளாக அதுதான் வேலை. நான் பிளேடால் பிளந்து புது நுனியைச் செருகுகிறேன். நிர்மலா கிளிப் போடுகிறாள். அவள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஐந்தாவது செடியில், "உங்கப்பா தட்டுவடை இன்னும் இருக்குதா?" என்று கேட்டாள். கொடுத்தேன்.

சாவி நேற்றுவரை அவளிடம்தான் இருந்தது. ஆனால் இன்று காலை கண் விழித்தபோது என் தலையணைமேல் கிடந்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள்.

மதுமதி


திருப்பூர்
24.02.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாம்பு இடத்தில் நிஜமாகவே பயந்துவிட்டாள். அப்பா இங்கே வந்து, "சொட்டு உட்டேன், டீ குடுத்தாங்க, வந்துட்டேன்" என்று மட்டும்தான் சொன்னார்.

நான் இப்போதெல்லாம் எந்தத் துணியைப் பார்த்தாலும் விரலை நனைத்துச் சொட்டு விடுகிறேன். வகுப்பில் மேஜைத் துணிமேல் விட்டு மாட்டிக்கொண்டேன்.

எல்லாம் எழுதிய நீ ஒன்றை மட்டும் எழுதவில்லை. செக்கிங் மேஜை இடத்தை அம்மா இன்னும் பிடித்து வைத்திருக்கிறாள். மேற்பார்வையாளர் தினமும் கேட்கிறாராம். "என்ன சொல்லட்டும்னு கேளு கண்ணு" என்கிறாள். நான் உன்னைக் கேட்கப் பயப்படுகிறேன். அதனால் அம்மா கேட்டதாகவே வைத்துக்கொள்.

ஜனனி


கொமரலிங்கம் வழி
22.03.2025

அன்புள்ள ஜனனி,

தேர்வு நேற்று முடிந்தது. ஒட்டுப் பிடிக்கும் வரை எதையும் எழுதக்கூடாது என்றிருந்தேன், அதனால்தான் தாமதம்.

இருபத்தொன்றில் பதினேழு பிடித்துவிட்டது. புது இலை விட்டிருக்கிறது, உன் உள்ளங்கை அளவு. பிழைத்த பத்தோடு சேர்த்து மறுபடி ஆறாவது வரிசையிலேயே வைத்திருக்கிறோம். இங்கே எல்லோரும் அதைக் கோரா வரிசை என்றுதான் சொல்கிறார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அது ஏதோ கத்தரி ரகம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். நிர்மலா திருத்தவிடாமல் தடுக்கிறாள்.

அந்த இடத்துக்கு வேறு யாரையாவது வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மாவிடம் சொல். பூவாத்தாள் அக்காவின் மருமகள் வேலை தேடினாளே, அவளைக் கேட்கலாம்.

அடுத்த வாரம் வருகிறேன். இரண்டு நாள்தான் இருப்பேன். மே மாத விடுமுறைக்குக் குடில் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை சார் என்னிடம் கொடுத்திருக்கிறார். மோட்டார் இன்னும் பழுதுதான்.

ஆகவே திரி வேண்டும். முந்நூறு. இந்த முறை அம்மா வெட்ட வேண்டாம், நீ வெட்டு. வெள்ளைத் துணி. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டுப் பார். நான் வந்து மறுபடி பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
மதுமதி